தலைக்காயம்: வீடு திரும்பிய பின்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு ஓடுகிறோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிரைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடு. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் மாதங்களைக் குடும்பம்தான் சுமக்கிறது.

வெளியே தெரியாத காயம்

கை கால் விழுந்தால் ஊருக்குப் புரிகிறது. நன்றாக நடமாடுபவர் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தால் 'திமிர்' என்கிறது. காலையில் எழாவிட்டால் 'சோம்பேறி' என்கிறது. மூளையின் முன்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்குவதும் ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் கடினமாகிவிடும். பல சமயம் அது அவருக்கே தெரியாது. அவர் எரிந்து விழும் நேரத்தில் வாதாடாதீர்கள். டிவியை அணையுங்கள், பார்க்க வருபவர்களைக் குறையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்.

சிலருக்கு மோப்பம் போய்விடும். கெட்ட மீனும் கேஸ் கசிவும் தெரியாது. இரத்தத்தில் உப்பிலுள்ள சோடியமும் குறையலாம். உப்பு விளையும் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் திடீர்க் குழப்பமோ அசதித் தூக்கமோ வந்தால் உப்பைக் கரைத்துக் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காரணத்தைப் பொறுத்து ஒருவருக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள், இன்னொருவருக்கு உப்புநீர் ஏற்றுவார்கள்.

மீண்டும் உப்புப் பாத்திக்கு

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, ஆண்டுக்கணக்கில் தொடரும். 'இனி அவ்வளவுதான்' என்று பயிற்சியை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

உப்பளத்தில் வெயிலும் கண்கூச்சமும் வழுக்கும் வரப்பும் தலைச்சுமையும் சேர்ந்தே வரும். மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டுத் துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருப்பவர், அதைத் திரும்பப் பொருத்தி மருத்துவர் அனுமதிக்கும்வரை தலையில் கூடை ஏற்றவே கூடாது. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. மது யாருக்குமே வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும்போது அதிகாலையில் சில மணி நேரம், தினமும் ஒரே வேலை என்று ஆரம்பிக்கலாம். 1848இல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்தும் பிழைத்த அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி பினியஸ் கேஜ், குணமே மாறிப்போனவர் என்று பேர் வாங்கினார். பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வேலையின் அன்றாட ஒழுங்கே அவரைத் தேற்றியிருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எங்கே கேட்பது

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மறுபரிசோதனைக்குப் போகும்போது கூடவே வாழ்பவர் போக வேண்டும். கோபம், மறதி, தூக்கம் பற்றி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். 'எப்படி இருக்கீங்க' என்ற கேள்விக்குக் காயம்பட்டவர் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்வார்.