விருந்துச் சமையலுக்கு வீட்டு மணிலா

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை உச்சியில், கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. அன்று அடிவாரத்து ஊர்களில் சர்க்கரைப் பொங்கல், பாயசம், குருமா என்று விருந்து நடக்கும். விருந்தென்றால் நெய், முந்திரி, வனஸ்பதி என்ற வழக்கம் இப்போது சிற்றூர் வீடுகளிலும் பரவிவிட்டது. மாடு பூட்டி ஏர் ஓட்டி, ஏற்றம் இறைத்த காலத்தில் இந்தக் கொழுப்பு உடலில் தங்கவில்லை. டிராக்டரும் மின்மோட்டாரும் வந்தபின் உழைப்பு குறைந்துவிட்டது. உணவு மட்டும் குறையவில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நகரத்தார் நோய் என்றிருந்த நிலை மாறிவிட்டது.

விருந்தைக் கைவிட வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் வயல்களில் விளையும் மணிலாவையும், ஜவ்வாது மலையில் விளையும் சாமையையும் கொண்டே சுவை குறையாமல் சமைக்கலாம்.

எதற்குப் பதில் எது?

நெய்யின் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. இது மிகுந்தால் இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடும். மணிலா எண்ணெயில் நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவே. மணிலாப் பருப்பில் 25 சதவிகிதம் புரதமும் உண்டு. முந்திரியின் விலையோ மணிலாவைப் போல் பல மடங்கு.

செடியிலிருந்து வந்ததெல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. வனஸ்பதியும் தாவர எண்ணெயில் செய்ததே. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால், 2022 ஜனவரி முதல் அது 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று இந்தியாவில் வரம்பு கட்டப்பட்டது. தேங்காயின் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைகொழுப்பே. ஆகவே மணத்துக்கு ஒரு சில்லுத் தேங்காய் போதும். மணிலாவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் இருப்பதால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், போதுமானது.

மணிலாப் பால்

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மணிலாப் புரதத்தைப் பாலுடன் கலந்து 'மில்டோன்' என்ற பானத்தை முன்னரே உருவாக்கியது. வீட்டில் செய்யும் முறை இன்னும் எளிது.

பொறுக்கிய மணிலாப் பருப்பு 100 கிராமை இலேசாக வறுத்து, தோல் நீக்கி, 6 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, முக்கால் லிட்டர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நைய அரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்த பாலை அடி பிடிக்காமல் கிளறி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பிழிந்த சக்கையை அடை மாவிலோ துவையலிலோ சேர்க்கலாம்.

பசும்பாலில் உள்ள அளவு சுண்ணாம்புச் சத்து இதில் இல்லை. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைத் தரலாகாது. மணிலா ஒவ்வாதவர்களும் தவிர்க்க வேண்டும். பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றும் வீடுகள் குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் நிறுத்திக்கொள்வது நலம். கேழ்வரகுக் கூழும் சுண்ணாம்புச் சத்து தரும்.

சாமைச் சர்க்கரைப் பொங்கல்

சாமை அரிசி 1 ஆழாக்கு, வறுத்த பாசிப்பருப்பு அரை ஆழாக்கு இரண்டையும் 4 ஆழாக்கு நீரில் குழைய வேகவைக்க வேண்டும். வழக்கமான 2 ஆழாக்கு வெல்லத்துக்குப் பதில் 1 ஆழாக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, பழுத்த பூவன்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்க்கலாம். கடைசியாகச் சிறு தீயில் 1 ஆழாக்கு மணிலாப் பாலை ஊற்றிக் கிளறி, ஏலக்காயும் வறுத்து உடைத்த மணிலா ஒரு கைப்பிடியும் தூவி இறக்க வேண்டும். "நெய் விடாத பொங்கல் ஒரு பொங்கலா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு, இலையில் அரைத் தேக்கரண்டி நெய் மேலாக விட்டால் மணம் குறையாது.

வெல்லமும் சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர்கள் சாமைப் பொங்கல்தானே என்று அளவு மீறக் கூடாது. அவர்களுக்கு மிளகுப் பொங்கலாகச் செய்து தரலாம். சாமையும் தவிடு முழுவதும் போகத் தீட்டினால் நார்ச்சத்தை இழந்துவிடும்.

குருமாவுக்கு முந்திரிக்குப் பதில் வறுத்த மணிலா இரண்டு கைப்பிடி, பொட்டுக்கடலை 2 தேக்கரண்டி, ஒரு சில்லுத் தேங்காய் ஆகியவற்றை நைய அரைத்து ஊற்றினால் அதே கெட்டித்தன்மை கிடைக்கும்.

சொத்தை வீட்டுக்கு வேண்டாம்

இவ்வளவும் பயன் தர வேண்டுமானால் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். முற்றிய நல்ல காயை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் உடைந்ததையும் நிறம் மாறியதையும் வீட்டுக்கு ஒதுக்குவது பல குடும்பங்களில் நடப்பதே. இத்தகைய பருப்பில்தான் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் பற்றி, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேருகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் மணிலாப் பிண்ணாக்கு தின்று மடிந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. இது ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. மாட்டுக்குப் போட்டால் பாலிலும் வரும்.

ஆடிப்பட்ட மானாவாரி மணிலா, புரட்டாசி, ஐப்பசி மழையில் அறுவடைக்கு வருவதால் எச்சரிக்கை மிகத் தேவை. பிடுங்கிய செடிகளைக் காய் மேலாக இருக்கும்படி கவிழ்த்து உலரவிட வேண்டும். பறித்த காயை ஈரத் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் மெல்லப் பரப்பிக் காயவைக்க வேண்டும். குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும்; பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஈரம் 8 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உடைக்காமல் காயாகவே மூட்டை கட்டி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு 30 கிராம் வீதம் ஆறு மாதத்துக்கு 27 கிலோ பருப்பு வேண்டும். இதற்கு ஏறத்தாழ 40 கிலோ காய் போதும். விற்பனைக்கு மூட்டை கட்டுமுன் இந்த 40 கிலோவை நல்ல காயிலிருந்து முதலில் எடுத்துவைக்க வேண்டும்.

சாமை சாகுபடி செய்ய விரும்பும் விவசாயிகள் திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்தை அணுகி, அம்மையம் வெளியிட்ட ஏ.டி.எல். 1 சாமை இரகம் குறித்து விவரம் பெறலாம்.

விளைவித்தவர் வீட்டு இலையில் முதல் தரமே விழ வேண்டும். மிஞ்சியது சந்தைக்குப் போகட்டும்.