வரி ஆலோசகர்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடிய தொழில்

தோட்டத்தில் வாழும் நமக்குக் கணக்கு வழக்கு புதியதன்று. காலையில் பெரட்டில் பேர் பதிவது முதல், பால் நிறுத்து எழுதுவது, மாத முடிவில் செக்ரோல் முடித்துச் சம்பளம் போடுவது வரை யாவும் கணக்கின்மீதே நடைபெறுகின்றன. கிராணியாரின் பேரேட்டில் ஒரு நாள் பேர் விடுபட்டால் அந்தக் குடும்பத்திற்கு ஒரு நாள் கூலி இல்லை. கணக்கின் அருமையை இவ்வாறு நேரில் அறிந்த பெற்றோர், தம் பிள்ளைகளுக்குப் பொருத்தமான தொழில்களை எண்ணும்போது வரி ஆலோசகர் பணியையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

வரி ஆலோசகர் என்பவர் யார்? ஒருவர் தம் வருமானத்திற்குச் சட்டப்படி செலுத்த வேண்டிய வரி எவ்வளவு, சட்டம் அவருக்கு அளிக்கும் கழிவுகள் யாவை என்பவற்றைக் கணித்துக் கூறுபவர். அவர் சார்பில் வரி அலுவலகத்துடன் கடிதப் போக்குவரத்து நடத்துபவர். இப்பணி ஏன் தேவைப்படுகிறது என்பதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1948 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமாகும். முன்னாளில் நாம் வருமான விவரத்தை எழுதி அனுப்பினால் போதும். அதிகாரிகளே வரியைக் கணித்து அறிக்கை அனுப்புவர். நிறுவனங்களுக்கு 2001ஆம் ஆண்டிலும், தனிநபர்களுக்கு 2004ஆம் ஆண்டிலும் சுய மதிப்பீட்டு முறை வந்தது. அதுமுதல் வரியைக் கணிக்கும் பொறுப்பு வரி செலுத்துவோரையே சார்ந்துவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியம் பின்னர்த் தணிக்கை செய்யும். ஆதலின் பற்றுச்சீட்டுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சட்டம் படித்தறியாத பொதுமக்களுக்கு இது எளிய காரியமா? வரி ஆலோசகருக்கு இன்று வேலை மிகுந்திருப்பதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

"நமக்கும் வருமான வரிக்கும் என்ன தொடர்பு?" என்று பால்மரம் வெட்டும் நண்பர்கள் வினவலாம். ஊழியர் சேமநிதிப் பிடித்தத்திற்குப் பின் ஆண்டு வருமானம் 34,000 வெள்ளியைத் தாண்டும் ஊழியரே வரிக் கோப்பு திறக்கக் கடமைப்பட்டவர். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்ச ஊதியத்தை ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 20,400 வெள்ளியே வருகிறது. ஆனால் நகரத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் நிலை வேறு.

மாதம் 4,000 வெள்ளி சம்பளம் பெறும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு வருமானமில்லை; பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஆண்டு வருமானம் 48,000 வெள்ளி. தமக்குரிய 9,000 வெள்ளிக் கழிவை மட்டும் அவர் காட்டினால் எஞ்சுவது 39,000. அதற்கு வரி 840 வெள்ளி. சேமநிதிக்கு 4,000, மனைவிக்கு 4,000, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 4,000 என உரிய கழிவுகளையும் காட்டினால் எஞ்சுவது 27,000. அதற்கு வரி 360 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளித் தள்ளுபடி உண்டாகையால் அவர் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடித்திருந்தால் அதனைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. ஒரே சம்பளம், ஒரே குடும்பம். படிவத்தை நிரப்பும் முறையில் 840 வெள்ளி வேறுபாடு! இத்தகைய எளிய கணக்கிற்கு ஆலோசகரை நாடிப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. எஸ்.பி.எம். படித்த பிள்ளையொருவர் வீட்டிலிருந்தால் இணையம் வழி ஏப்ரல் 30க்குள் அவரே செய்து முடிக்கலாம்.

ஆலோசகரின் திறமை வெளிப்படும் இடம் வணிகக் கணக்காகும். பூச்சோங்கை நோக்குவோம். ஒருகாலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த ஊர் அது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டங்கள் வீடமைப்பு நகரங்களாயின. 2016ஆம் ஆண்டில் இலகு இரயிலும் வந்து சேர்ந்தது. இன்று அங்கே பட்டறைகள், உணவகங்கள், லாரிச் சேவைகள், குத்தகைத் தொழில்கள் எனச் சிறு வணிகங்கள் மலிந்துள்ளன. இவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் வணிக வருமானத்தைத் தெரிவித்தாக வேண்டும்.

லாரித் தொழில் செய்யும் ஒருவர் 60,000 வெள்ளி ரொக்கம் கொடுத்து லாரி வாங்குகிறார். அத்தொகை முழுவதையும் அவ்வாண்டுச் செலவாகக் காட்டிவிடலாம் என்று அவர் எண்ணக்கூடும். அது தவறு. லாரி மூலதனப் பொருளாதலின், அதற்குரிய மூலதனக் கழிவையே கோரலாம்: முதலாண்டில் 20 விழுக்காடும் மற்றொரு 20 விழுக்காடும் சேர்த்து 24,000 வெள்ளி, அடுத்த மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. டீசல், டயர், ஓட்டுநர் சம்பளம் ஆகியவை செலவில் சேரும். வீட்டுச் சாமான் சேராது. போக்குவரத்துச் சம்மனுக்குக் கட்டிய அபராதமும் சேராது. எது சேரும், எது சேராது என்று பிரித்தறிவதே இத்தொழிலின் உயிர்நாடியாகும்.

சட்டம் தரும் கழிவைக் கோருவது குடிமகனின் உரிமை. வருமானத்தை மறைப்பது குற்றம். இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டை ஆலோசகர் ஒருபோதும் தாண்டலாகாது. கவனமின்றி அவர் தந்த ஆலோசனையால் ஒருவரின் வரி குறைத்துக் காட்டப்பட்டால், சட்டத்தின் 114ஆம் பிரிவு ஆலோசகரையே தண்டிக்கும்: 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆயினும் படிவத்திலுள்ள விவரங்களுக்கு வரி செலுத்துபவரும் பொறுப்பாளியே. "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று சொல்பவரிடம் நம்மவர் எச்சரிக்கையாயிருத்தல் நலம். வாரியத்தின் மதிப்பீடு தவறென்று தோன்றினால் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவ்வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் செல்லும். சட்ட நுணுக்கமறிந்த ஆலோசகரின் துணை பெரிதும் தேவைப்படும் வேளை அது.

இனி, இத்தொழிலுக்கு வழி யாது? எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் கோட்பாடு, கணிதம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். சட்டமும் படிவங்களும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் இம்மொழிகளில் பின்தங்கியவர் முன்னேறுவது கடினம். அடுத்து, கணக்கியலில் டிப்ளோமாவோ பட்டமோ பெறலாம். உயர்கல்விக் கடனுக்குத் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை நாடலாம். வசதி குறைந்தவர் எல்.சி.சி.ஐ. கணக்குப் பதிவுச் சான்றிதழுடன் சிறிய கணக்கர் அலுவலகமொன்றில் சேர்ந்து, மாலையில் படித்து மேலேறுவதும் உண்டு. தொடக்கத்தில் பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கும் வேலைதான் கிடைக்கும். அதனை இழிவென்று எண்ணலாகாது. ஒரு தொழிலின் வரவு செலவு எப்படி ஓடுகிறதென்பதை அந்தச் சீட்டுகளே கற்பிக்கின்றன.

தொழில்முறைத் தகுதிக்கு மலேசியப் பட்டய வரிக் கழகம் தேர்வுகள் நடத்துகிறது. 1991ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அமைப்பு அது. ஏ.சி.சி.ஏ. போன்ற கணக்கியல் தேர்வுகள் வழியாகவும் வரித்துறைக்கு வரலாம். தேர்ச்சியோடு பணி அனுபவமும் காட்ட வேண்டும். பிறருக்காக வரி முகவராய்ச் செயற்பட 153ஆம் பிரிவின்படி நிதியமைச்சரின் அங்கீகாரம் கட்டாயமாகும். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தொடர்ந்து பயிற்சி வகுப்புகளுக்கும் செல்ல வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் சட்டம் மாறுகிறது. பொருள் சேவை வரி 2015 ஏப்ரலில் வந்து 2018இல் நீங்கியதும், 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் மின்னியல் விலைப்பட்டியல் தொடங்கியதும் அண்மைக் காலச் சான்றுகளாகும். அங்கீகாரம் பெறும்வரை ஓர் இளைஞர் அங்கீகாரம் பெற்ற முகவரின்கீழ்ப் பணிபுரியலாம். பெற்றபின் பூச்சோங்கிலோ கிள்ளானிலோ தம் பெயரிலேயே அலுவலகம் திறக்கலாம்.