மூன்று சேலை, ஒரு வாளி: கோல்கத்தா அன்னை இல்லத்தில் தொண்டர்களின் ஒரு நாள்

கோல்கத்தா, ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை. 54-ஏ எண்ணிட்ட கட்டடத்தில் அதிகாலை 4.40 மணிக்கு மணி ஒலிக்கிறது. மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி துறவற சபையின் தலைமை இல்லம் இது. 'மதர் ஹவுஸ்' என்றால்தான் நகரத்தினருக்குப் புரியும்.

5 மணிக்கெல்லாம் கன்னியாஸ்திரீகள் பிரார்த்தனைக் கூடத்தில் கூடிவிடுகின்றனர். அங்கே நாற்காலிகள் இல்லை. தரையில்தான் அமர வேண்டும். 6 மணித் திருப்பலிக்கு வெளியாரும் வரலாம். ஜன்னல்கள் சாலையைப் பார்த்திருப்பதால், வாகன இரைச்சலை மீறித்தான் பாதிரியாரின் குரல் கேட்கிறது.

திருப்பலி முடிந்ததும் தன்னார்வத் தொண்டர்கள் கீழ்த்தளத்தில் ஒன்றுகூடுகின்றனர். ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான், கொரியா எனப் பல நாட்டவர்கள். கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ரொட்டித் துண்டு, வாழைப்பழம், தேநீர். அவ்வளவுதான் காலை உணவு. ஒரு சிறு பிரார்த்தனைக்குப் பிறகு காளிகாட், பிரேம் தான், சிசு பவன் என்று அவரவர்க்குக் குறித்த இல்லங்களுக்குப் பேருந்திலோ நடந்தோ கிளம்புகின்றனர்.

துவைப்பதே முதல் பணி

நோயாளியின் கையைப் பற்றி ஆறுதல் கூறுவதுதான் தொண்டு என்று எண்ணி வருவோருக்கு முதல் நாளே ஏமாற்றம் காத்திருக்கிறது. காலையில் குவிந்து கிடப்பவை இரவில் நனைந்த போர்வைகள், படுக்கை விரிப்புகள், உடைகள். அவற்றைக் கைகளால் துவைத்து, தொட்டி தொட்டியாக மாற்றி அலசி, இருவர் இரு முனைகளைப் பிடித்துப் பிழிந்து, மொட்டை மாடியில் உலர்த்த வேண்டும். சபையின் இல்லங்களில் நெடுங்காலமாக இதுவே நடைமுறை.

அதன் பிறகுதான் முகம் மழிப்பது, நகம் வெட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, தானே உண்ண இயலாதவர்களுக்கு ஊட்டுவது எல்லாம். வங்க மொழி தெரியாத தொண்டரும் வேறு மொழி தெரியாத முதியவரும் சைகையாலேயே பேசிக் கொள்கின்றனர். நண்பகலில் பாத்திரம் கழுவி முடித்தால் காலைப் பணி நிறைவு. புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. நோயாளியின் மானத்தைக் காக்க இதைவிட எளிய விதி இருக்க முடியாது.

காளிகாட் இல்லமே சபையின் தொடக்ககாலப் பணிக்குச் சான்று. லொரேட்டோ சபைப் பள்ளியின் ஆசிரியையாக இருந்த தெரசா, 1948-ல் அங்கிருந்து வெளியேறி, பாட்னாவில் மருத்துவப் பயிற்சி பெற்று, சேரிகளில் பணியைத் தொடங்கினார். 1950 அக்டோபர் 7-ல் புதிய சபைக்கு அனுமதி கிடைத்தது. தெருவில் கிடந்து இறப்பவர்களுக்கு ஓரிடம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் விடுதியை மாநகராட்சி ஒதுக்கியது. 1952-ல் அது 'நிர்மல் ஹ்ருதய்' ஆனது. அப்பகுதியில் எதிர்ப்பு எழுந்து, பின்னர் தணிந்தது.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வார்த்தைப்பாடுகளுடன், பரம ஏழைகளுக்கு ஊதியமின்றி முழு மனதுடன் பணிபுரிவது என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் இச் சபையினர் எடுக்கின்றனர். மூன்று சேலை, காலணி, உணவுத் தட்டு, ஒரு வாளி, ஜெபமாலை என ஒருவரின் உடைமைகளை விரலில் எண்ணிவிடலாம். நீலக் கரையிட்ட அந்த வெள்ளைச் சேலையை, டிட்டாகர் இல்லத்தில் தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் நெய்கின்றனர். அதன் கரை வடிவத்துக்கு 2016-ல் வணிகச் சின்னப் பதிவும் கிடைத்துள்ளது. ஏழ்மையின் அடையாளத்தையும் போலிகளிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது போலும்.

விமர்சனங்களும் விசாரணைகளும்

இந்த எளிமையே விமர்சனத்துக்கும் இலக்கானது. 1994-ல் காளிகாட் இல்லத்தைப் பார்த்த 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், நோயை முறையாகக் கண்டறிய ஏற்பாடு இல்லை, வலுவான வலி நிவாரணிகள் இல்லை என்று எழுதினார். அன்புடன் தூய்மையும் பராமரிப்பும் இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், கையால் துவைப்பதைத் துறவின் பகுதியாக ஏற்பவர்கள், நோயாளியின் வலியையும் அவ்வாறே கருதிவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. தொண்டர்களாகச் சென்று வந்தவர்களில் சிலரே அதைக் கேட்டுள்ளனர்.

அரசியலின் கேள்வி வேறு. சேவைக்குப் பின்னால் மத மாற்ற நோக்கம் இருந்தது என்று 2015-ல் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் கூறியது நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. 2018-ல் ராஞ்சி இல்லத்தில் குழந்தை விற்பனைப் புகாரில் கன்னியாஸ்திரீ ஒருவர் கைதானதை அடுத்து, நாடு முழுவதும் உள்ள சபையின் குழந்தைகள் இல்லங்களை ஆய்வு செய்ய மத்திய அமைச்சகம் உத்தரவிட்டது.

2021 கிறிஸ்துமஸ் நாளில் வந்த முடிவுதான் சபையை உண்மையில் உலுக்கியது. பாதகமான தகவல்கள் கிடைத்துள்ளதாகக் கூறி, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் மறுத்தது. அத் தகவல்கள் எவை என்று அதன் அறிக்கையில் விளக்கம் இல்லை. வங்கிக் கணக்குகளை மத்திய அரசு முடக்கிவிட்டதாக மம்தா பானர்ஜி குற்றம்சாட்ட, அமைச்சகம் அதை மறுத்தது. பிரச்னை தீரும் வரை வெளிநாட்டு நிதிக் கணக்குகளை இயக்க வேண்டாம் என்று தன் மையங்களைத் தானே கேட்டுக் கொண்டதாகச் சபை தெரிவித்தது. ஒடிசாவில் உள்ள இல்லங்களுக்கு அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் நிவாரண நிதியிலிருந்து உதவினார். இரண்டு வாரங்களுக்குள், 2022 ஜனவரியில், பதிவு மீண்டும் வழங்கப்பட்டது.

2020-21-ல் சபைக்கு வந்த வெளிநாட்டு நன்கொடை ரூ. 75 கோடிக்கும் மேல். நிலையான வருமானம் வேண்டாம் என்று அன்னை தெரசா விதித்திருந்தாலும், இத்தனை பெரிய தொகைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ஆதரவற்றோர் உண்ணும் சோறு சம்பந்தப்பட்ட முடிவில், மறுத்ததற்கும் பின்னர் அளித்ததற்கும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

1997-ல் பீரங்கி வண்டியில் அரசு மரியாதையுடன் கொண்டு செல்லப்பட்ட அன்னை தெரசாவின் கல்லறை, இதே இல்லத்தின் கீழ்த்தளத்தில் உள்ளது. 2016-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சபையின் இன்றைய தலைவி, 2022-ல் தேர்வு செய்யப்பட்ட கேரளத்தைச் சேர்ந்த சகோதரி மேரி ஜோசப்.

வியாழக்கிழமை தொண்டர்களுக்கு விடுமுறை. சகோதரிகளுக்கு அது ஜெபத்துக்கான நாள். மற்ற நாள்களில் காலை உணவு முடிந்ததும், அன்றுடன் விடைபெறுவோர் யார் என்று கேட்கப்படுகிறது. அவர்கள் நடுவே வந்து நிற்க, மற்றவர்கள் கைதட்டி நன்றிப் பாடல் பாடுகின்றனர். பாடல் முடிந்த கையோடு அவர்களும் கடைசி நாள் துவைப்புக்குப் புறப்படுகின்றனர்.