பனிமலைக்கு எந்த டென்ட்?

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய குன்னத்துகால்காரர்களுக்கு மலையேற்றம் என்றால் முதலில் அகஸ்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். வனத்துறையிடம் பாஸ் வாங்கி, போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் ராத்தங்குவார்கள். பனி விழாத மலை, டென்டும் தேவையில்லை. அதே ஆட்கள் டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தாவுக்குக் கிளம்பும்போதுதான், கடையில் நின்று கேட்கிறார்கள்: "இந்த டென்ட் குளிர் தாங்குமா?"

தாங்காது. குளிரைத் தாங்குவது ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் மெத்தையும். காற்றைத் தடுப்பதும், மேலே விழும் பனியின் பாரத்தைச் சுமப்பதுமே டென்டின் வேலை. வெயில் நாட்டுக்காரர்களான நாம் குளிருக்குப் பயந்து, கனத்த, நாலாபக்கமும் அடைத்த டென்டைத் தேடிப் போகிறோம்.

பார்க்க வேண்டியவை வேறு. முதலில் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 12 கிலோ பாரம் வைக்கும்; 100 கிலோமீட்டரில் அது 48 கிலோ. 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் வந்தபோது இந்த எல்லைப் பகுதியில் சாய்ந்த ரப்பரையும் வாழையையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. குலை தள்ளிய ஏத்தன் வாழைக்குக் கயிறு கட்டுகிறோமே, டென்டுக்கும் அதே சூத்திரம்தான்: பிடித்து நிறுத்துவது கயிறு. ஆகவே துணியைத் தடவிப் பார்க்கும் முன் இழுகயிறு கட்டும் வளையங்களை எண்ணுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்கின்றன என்றும் பாருங்கள். இரண்டே கம்பி உச்சியில் ஒரு முறை வெட்டிக்கொள்ளும் டென்ட் கொடைக்கானலுக்குப் போதும். மூன்று, நான்கு கம்பிகள் பல இடங்களில் குறுக்கே ஓடினால் பலம் கூடும். பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாட யோசனையை வைத்து நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த வடிவம் அது. இன்றும் உயர்முகாம்களில் அதன் வாரிசுகளைத்தான் பார்க்கலாம். கம்பி அலுமினியமாக இருக்கட்டும். மலிவு டென்டுகளின் ஃபைபர் கம்பி கடுங்குளிரில் பிளந்துவிடும்.

அடுத்தது பனி. புதுப்பனி பார்க்கத்தான் லேசு. ஒரு கன மீட்டர் 100 கிலோ என்று வைத்தால், ஓர் அடி உயரத்துக்குத் தங்கும் பனி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஈரப்பனி இன்னும் கனம். கூரை செங்குத்தாக இருந்தால் வழுக்கி விழும். தட்டையாக இருந்தால் ராத்திரி எழுந்து உள்ளிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேல்விரிப்பு தரைவரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் டென்டுகளில் உள்கூடு முழுக்கக் கொசுவலை. அடியில் இடைவெளி விட்டால் காற்று பொடிப்பனியை வலை வழியே அள்ளிவந்து முகத்தில் கொட்டும்.

முளை? பனியில் நிற்காது. சின்னத் துணிப்பையில் பனியை அடைத்து, கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிட வேண்டும். சற்று நேரத்தில் இறுகிவிடும். காலையில் அதைத் தோண்டி எடுக்க ஐஸ் கோடாலி தேவைப்படும் என்பது தனிச் சங்கடம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காற்றுத் துளை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், திருவனந்தபுரம், கோழிக்கோடு குடும்பங்களைச் சேர்ந்த 8 பேர் விடுதி அறையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். குளிருக்கு அறையை அடைத்து, கேஸ் ஹீட்டர் போட்டிருந்தார்கள். டென்ட் அந்த அறையை விடவும் சிறியது, பனி விழுந்தால் துளைகளும் மூடிக்கொள்ளும். உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். மூடி போட்ட துளை உச்சியில் ஒன்றாவது இருக்கும் டென்டையே வாங்குங்கள். பனியை அவ்வப்போது தள்ளிவிடுங்கள். மூச்சின் ஈரம் உள்சுவரில் உறைந்து உதிராமல் இருக்கவும் அந்தத் துளைதான் உதவும்.

எடை கடைசியில்தான். இருவருக்கான சாதா லேசு டென்ட் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பனிக்கானது ஒற்றைச் சுவரில் (மேல்விரிப்பு தனியாக இல்லாதது) இரண்டரை கிலோ அளவில் கிடைக்கும். இரட்டைச் சுவர் என்றால் மூன்று, நான்கு. கம்பி ஒருவர் பையில், துணி இன்னொருவர் பையில் என்று பிரித்துக்கொள்ளலாம். கயிற்றையும் கம்பியையும் குறைத்து எடையைக் குறைத்தவர் எதையும் குறைக்கவில்லை என்பதே என் கட்சி.

நல்ல டென்ட் இருந்தாலும் புயல் விடாது. 2025 ஜூனில் அலாஸ்காவின் தெனாலி மலையில் (6,190 மீட்டர்) 17,000 அடி முகாமில், கேரளத் தலைமைச் செயலக ஊழியரான ஷேக் ஹசன் கான் தமிழ்நாட்டுத் தோழி ஒருவருடன் புயலில் மாட்டிக்கொண்டார். பிறகு பத்திரமாக இறங்கினார்கள். அங்கே டென்டைச் சுற்றிப் பனிக்கட்டிகளை அறுத்து மதில் கட்டுவது வழக்கம்.

கேதார்கந்தா போகிறவருக்கு இத்தனை செலவு வேண்டாம். நடத்துகிற நிறுவனமே டென்ட் கொடுக்கும். சொந்தமாக வாங்கினால், ஜூன் மழையில் வீட்டு முற்றத்தில், கையுறை போட்டுக்கொண்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள். கையுறையோடு கொக்கி மாட்ட வரவில்லையென்றால், பில்லோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.