உங்களுக்குத் தெரியுமா? செங்குத்து ஏரியலின் சூட்சுமம்

வீடுகள் நெருங்கிய ஊர்களில், நீண்ட கம்பியை இழுத்துக் கட்ட இடமில்லாத அமெச்சூர் வானொலி அன்பர், 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 5 மீட்டர் அலுமினியக் குழாயொன்றை மொட்டைமாடியில் செங்குத்தாக நாட்டி, அடிவானத்தை ஒட்டிச் செல்லும் அலைகளால் தூரதேசத்தாரோடு சம்பாஷிக்கலாம். 1895-இல் மார்க்கோனி, ஒரு முனையை உயர்த்தி மறுமுனையைப் பூமியோடு இணைத்தே தூரத்தைப் பெருக்கினார்.

மொட்டைமாடியில் அந்தப் பூமியின் இடத்தைச் செப்புக் கம்பிகள் வகிக்கும். ஆகவே, வானொலிக் கருவியிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பி குழாயிலும், அதன் பின்னல் உறை அடியில் நாற்புறமும் விரியும், ஒவ்வொன்றும் 5 மீட்டரான செப்புக் கம்பிகளிலும் சேரவேண்டும்; பலரும் அலட்சியம் செய்யும் இக்கம்பிகளே பிரதானம். குழாய் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடம் அவசியம். இடிமேகம் திரளுமுன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அலைகளை அனுப்ப, மத்திய அரசின் லைசென்ஸும் வேண்டும்.