கடலுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

கடலுக்கு அடியில் வை-ஃபை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது என்பேன். ரேடியோ அலைகளைக் கடல் நீர் விழுங்கிவிடும். அப்படியானால் ஆழ்கடலை ஆராயும் ஆளில்லா வாகனம் கப்பலுக்குப் படம் அனுப்புவது எப்படி?

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நீரியஸ், தலைமுடி போன்ற மெல்லிய ஃபைபர் ஆப்டிக் இழை மூலம் அனுப்பியது. இழை அறுந்தாலும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதை மேலே கொண்டுவந்துவிடும். 2009 மே 31 அன்று பசிபிக் கடலின் சேலஞ்சர் டீப் பகுதியில் 10,902 மீட்டர் ஆழம் வரை சென்றது.

2014 மே 10 அன்று, நியூசிலாந்து அருகே கெர்மடெக் அகழியில் 9,900 மீட்டர் ஆழத்தில் நீரியஸ் தொலைந்தது. நீரின் அழுத்தத்தில் அது நொறுங்கியதாகக் கருதப்படுகிறது. உடைந்த துண்டுகள் மேலே மிதந்தன. ஆனால் ஏற்கெனவே கப்பலுக்கு வந்த தகவல்கள் தப்பின. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றுக்கும் இன்றே வேறிடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.