எழுத்துப் பாதையில் ஒரு புகைப்படம்

திண்டிவனத்தில் ஒரு மாணவிக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அவள் இ-சேவை மையத்துக்குப் போகிறாள். பெயர், தந்தையின் பெயர், முகவரி ஆகியவற்றைப் பணியாளர் தட்டச்சு செய்கிறார். புகைப்படத்தையும் ரேஷன் கார்டையும் ஸ்கேன் செய்து சேர்க்கிறார். அதன்பின் அந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொருவரின் பார்வைக்கும் போகிறது. காகிதக் கட்டு எதுவும் கைமாறுவதில்லை. கணிப்பொறிகளே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கொள்கின்றன.

இப்படிக் கணிப்பொறிகள் அனுப்பிக் கொள்ளும் செய்திகள் பெரும்பாலும் எழுத்துகளால் ஆனவை. பெயரும் முகவரியும் எழுத்துகள்தாம். ஆனால் புகைப்படம் எழுத்தல்லவே! எழுத்துக்கென்று போட்ட பாதையில் அது எப்படிப் பயணம் செய்கிறது? வழியில் சேதமாகாமல் எப்படிப் போய்ச் சேருகிறது?

எல்லோருக்கும் ஒரே பஸ்

பத்து அலுவலகங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். மாறாக, நடுவில் ஒரு பொதுப் பாதையை அமைத்துவிட்டால் பத்தே இணைப்புகள் போதும். செஞ்சி, மரக்காணம், வானூர் என்று பல ஊர்ப் பயணிகளும் விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு வந்து வண்டி மாறிப் போவது போலத்தான் இது.

கணிப்பொறி வல்லுநர்களும் இதற்கு 'பஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். அதன் வால்தான் 'பஸ்'. பெரிய நிறுவனங்களில் செய்திகளை வாங்கி, வடிவம் மாற்றி, உரிய இடத்துக்கு அனுப்பும் மென்பொருளுக்கு 'எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்' என்று பெயர்.

ஏன் அப்படியே ஏற்றக்கூடாது?

கணிப்பொறியில் உள்ள எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசையே. ஒரு பைட் என்பது எட்டு இரும இலக்கங்கள். அதாவது 0 முதல் 255 வரை ஓர் எண். புகைப்படத்தில் இந்த எண்களில் எதுவும் எங்கும் வரலாம். எழுத்துச் செய்தியிலோ சில எண்களுக்குத் தனிப் பொருள் உண்டு.

எக்ஸ்எம்எல் என்ற செய்தி முறையைப் பாருங்கள். அதில் 60 என்ற எண் கோண அடைப்பைக் குறிக்கும். 'இங்கே புதிய பகுதி தொடங்குகிறது' என்று அதற்குப் பொருள். புகைப்படத்தின் நடுவே 60 வந்தால், படிக்கும் நிரல் ஏமாந்துவிடும். 0 என்ற பைட்டுக்கு அங்கே அனுமதியே கிடையாது. 13, 10 என்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தால், அதை ஒரு வரியின் முடிவு என்று கருதி, 10 என்ற ஒன்றாக நிரல் சுருக்கிவிடும். எழுத்துக்கு இதனால் நஷ்டமில்லை. புகைப்படத்துக்கோ ஒரு பைட் தொலைந்துபோகிறது!

மின்னணுக் கையொப்பம் இட்ட சான்றிதழானால் நிலைமை இன்னும் மோசம். அதில் ஓர் இலக்கம் மாறினாலும் கையொப்பம் செல்லாது. சான்றிதழும் ஏற்கப்படாது.

காட்பாடியில் நடந்தது

இதே போன்ற சிக்கல் ரயில்வேயிலும் இருந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். காட்பாடி வழியாகச் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் பாதை அகலப் பாதை. இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே சரக்கை இறக்கி, வேறு வண்டிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. இன்று விழுப்புரம்–காட்பாடி பாதையும் அகலப் பாதையாகிவிட்டது.

அகலப் பாதையின் சரக்கைச் சிறிய வண்டிகளில் மாற்றி ஏற்றினால் என்ன ஆகும்? வண்டிகளின் எண்ணிக்கை கூடும், சரக்கு அதேதான். புகைப்படத்துக்கும் இதையேதான் செய்கிறார்கள்.

மூன்று நான்காகும் கணக்கு

எந்தப் பாதையிலும் ஆபத்தில்லாமல் போகக்கூடிய குறிகள் எவை? ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. மொத்தம் 64. இவற்றுக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் கொடுத்தால், ஒவ்வொரு குறியும் ஆறு இரும இலக்கங்களைச் சுமக்கும்.

மூன்று பைட்டுகளில் 24 இலக்கங்கள் உள்ளன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு குறிகள் கிடைக்கும். ஜேபெக் புகைப்படங்களின் முதல் மூன்று பைட்டுகள் எப்போதும் 255, 216, 255. இரும எண்ணில் எழுதினால்:

11111111 11011000 11111111

ஆறு ஆறாகப் பிரித்தால்:

111111 111101 100011 111111

அதாவது 63, 61, 35, 63. இவற்றுக்குரிய குறிகள் சாய்கோடு, 9, சிறிய 'ஜே', சாய்கோடு. எந்த ஜேபெக் படத்தை இப்படி மாற்றினாலும் தொடக்கம் இந்த நான்கு குறிகள்தாம்! கடைசியில் மூன்றுக்குக் குறைவாகப் பைட்டுகள் மிஞ்சினால், சமக்குறி இட்டு நிரப்புவார்கள்.

இம்முறைக்கு 'பேஸ் 64' என்று பெயர். மின்னஞ்சலில் படங்களை அனுப்ப 1992-இல் வெளியான 'மைம்' விதிகள் இதைப் பரவலாக்கின. 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட டிஜிலாக்கரின் தொழில்நுட்ப விதிகளிலும் ஆவணத்தை இவ்வாறு மாற்றி எக்ஸ்எம்எல் செய்திக்குள் வைக்கும் வழி உண்டு.

ஒரு எச்சரிக்கை: இது ரகசியக் குறியீடு அல்ல. முறை தெரிந்த எவரும் திருப்பிப் படிக்கலாம். ரகசியம் காக்க வேறு பூட்டு வேண்டும்.

பெட்டிக்குப் பதில் சீட்டு

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மூன்று நான்காவதால் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 300 கிலோபைட் படம் 400 கிலோபைட் ஆகிவிடும். சிறிய படத்துக்கு இது பெரிதல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான மெகாபைட் கொண்ட கோப்பு வந்தால் பஸ்ஸின் நினைவகம் நிரம்பும். பின்னால் வரும் சிறு செய்திகள் காத்துக் கிடக்கும்.

அதற்கும் வழி உண்டு. ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோலப் பெரிய கோப்பைத் தனிக் கிடங்கில் வைத்துவிட்டு, அதன் அடையாள எண்ணை மட்டும் பஸ்ஸில் அனுப்புவார்கள். பெற்றுக்கொள்பவர் அந்த எண்ணைக் காட்டிக் கோப்பை எடுத்துக்கொள்வார். கிரெகர் ஹோப், பாபி வுல்ஃப் இருவரும் 2003-இல் வெளியிட்ட நூலில் இம்முறைக்குச் 'சீட்டு முறை' என்று பொருள்படும் பெயரையே தந்தார்கள்.

ஆக, சிறிய சரக்கானால் எழுத்தாக மாற்றி ஏற்று. பெரிய சரக்கானால் சீட்டை மட்டும் அனுப்பு. இரண்டிலும் நோக்கம் ஒன்றே: புறப்பட்ட பைட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல், மாறாமல் போய்ச் சேர வேண்டும்.

மாணவ நண்பர்களே, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 77, 97, 110 என்ற மூன்று பைட்டுகளை இரும எண்களாக எழுதி, ஆறு ஆறாகப் பிரித்துப் பாருங்கள். 19, 22, 5, 46 என்று வந்தால் உங்கள் சரக்கு பத்திரமாக வண்டி மாறிவிட்டது!